எந்த மென்பொருளில் வரைவது? வெக்டர் வரைகலை குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

படத்தைக் கோடுகளாகவும் வளைவுகளாகவும் வைத்திருக்கும் வெக்டர் வரைகலை மென்பொருள் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ‘எது சிறந்தது’ என்று கேட்டுத்தான் தொடங்குகின்றன. பலர் கேட்டிருந்த ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்து, ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் பட்டப்படிப்பு மாணவி. நிறுவனச் சின்னங்களும் சுவரொட்டிகளும் வரைந்து கொடுக்கும் தொழிலுக்கு வர விரும்புகிறேன். அடோபி நிறுவனத்தின் சந்தா மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டர் தெரியாமல் இத்துறைக்குள் நுழையவே முடியாது என்கிறாள் என் தோழி. இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பே போதும் என்கிறார் என் அண்ணன். மாதாமாதம் சந்தா கட்டும் நிலையில் நான் இல்லை. எதைக் கற்றுக்கொள்வது?

பதில்: உங்கள் தோழி சொல்வதிலும் அண்ணன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் மென்பொருளிலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். நீங்கள் கோப்பிலிருந்து தொடங்குங்கள். வரைந்து முடித்த கோப்பு யாருடைய கைக்குப் போகப்போகிறது, அவர் அதைத் திறந்து திருத்த வேண்டுமா, அல்லது அப்படியே அச்சிட்டால் போதுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு விடை தெரிந்துவிட்டால் மென்பொருள் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

நீங்கள் தனியாக வேலை செய்து, முடித்த சின்னத்தைப் பி.டி.எஃப். ஆகவும் எஸ்.வி.ஜி. என்ற வெக்டர் கோப்பாகவும் கொடுப்பவராக இருந்தால், அது எந்த மென்பொருளில் பிறந்தது என்று வாடிக்கையாளர் கேட்கப்போவதில்லை. இந்த வேலைக்கு இங்க்ஸ்கேப் தாராளமாகப் போதும். ஒரு விளம்பர நிறுவனத்தில் ஐந்தாறு பேரோடு சேர்ந்து, ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடிக்கும் முறையில் வேலை செய்யப்போகிறீர்கள் என்றால், அங்கே எல்லாரும் எதில் வரைகிறார்களோ அதில்தான் நீங்களும் வரைய வேண்டும். அந்த இடங்களில் பெரும்பாலும் இல்லஸ்ட்ரேட்டரே இருக்கிறது. பெயர்ப்பலகை, அழைப்பிதழ், பதாகை அச்சிடும் இடங்கள் பலவற்றில் கோரல்டிரா இருக்கிறது. இந்த வழக்கத்திற்குத் தரம் மட்டுமே காரணமன்று, காலமும் ஒரு காரணம். பக்கத்தை வரைந்து காட்டுவதற்கென அடோபி உருவாக்கிய போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியின் மீது எழுந்த இல்லஸ்ட்ரேட்டர் 1987-இல் மேக்கின்டாஷ் கணினிக்கு வந்தது. விண்டோஸ் கணினிகளுக்கான கோரல்டிரா 1989-இல் வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அச்சகங்களும் பயிற்சி நிலையங்களும் பழகிப்போன கருவிகள் இவை.

இங்க்ஸ்கேப்பின் கதை வேறு. சோடிபோடி என்ற கட்டற்ற மென்பொருளிலிருந்து 2003-இல் பிரிந்து, தன்னார்வலர்களின் உழைப்பில் மெதுவாக வளர்ந்து, 2020 மே மாதத்தில்தான் அது 1.0 என்ற எண்ணைத் தொட்டது. ஒரே கோப்பில் பல பக்கங்களை வைக்கும் வசதி 2022-இல் வெளியான 1.2 பதிப்பில்தான் வந்தது. ஆகவே பத்தாண்டுக்கு முன் அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு ‘குறை நிறைய’ என்று சொல்பவரின் கருத்தை இன்றைய பதிப்புக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். அதன் சொந்தக் கோப்பு வடிவமே எஸ்.வி.ஜி. என்பதையும் நான் ஒரு பெரிய பலமாகக் கருதுகிறேன். ஏன் என்பதை ஐந்தாவது கேள்விக்கான பதிலில் எழுதியிருக்கிறேன்.

நான்காவதாக அஃபினிட்டியும் இருக்கிறது. செரிஃப் நிறுவனம் 2014-இல் அஃபினிட்டி டிசைனரை வெளியிட்டு, சந்தா இல்லாமல் ஒருமுறை விலைக்கு விற்றுவந்தது. 2024-இல் செரிஃபைக் கேன்வா வாங்கியது. 2025 அக்டோபரில் அஃபினிட்டி ஒரே செயலியாக மாற்றப்பட்டு, கேன்வா கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகவே தரப்படுகிறது. அச்சு வண்ணங்களைக் கையாள்வதில் அது இங்க்ஸ்கேப்பைவிட முழுமையானது. ஆனால் இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்க்ஸ்கேப்பின் மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருப்பதால் நாளை யாரும் அதை உங்களிடமிருந்து திரும்பப் பெற முடியாது. அஃபினிட்டியை இலவசமாகத் தருவது ஒரு நிறுவனத்தின் முடிவு. அந்த முடிவை அந்த நிறுவனமே மாற்றவும் முடியும். லினக்ஸில் வேலை செய்பவர்களுக்கு அஃபினிட்டியும் இல்லை, இல்லஸ்ட்ரேட்டரும் இல்லை.

உங்களுக்கு என் ஆலோசனை: இங்க்ஸ்கேப்பில் தொடங்குங்கள், வேலை கிடைக்கும் இடம் உறுதியானதும் அங்கே உள்ள மென்பொருளுக்கு மாறிக்கொள்ளுங்கள். மாறுவது நீங்கள் அஞ்சுகிற அளவுக்குக் கடினமன்று. எல்லா வெக்டர் மென்பொருள்களுக்கும் அடியில் ஒரே கணிதம் இருக்கிறது. கார்களின் வளைந்த உடலை வடிவமைப்பதற்காக சித்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ஷோவும் ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியேயும் தனித்தனியே கண்டடைந்த வளைகோடுதான் இன்று நாம் பென் டூல் என்ற கோடு வரையும் கருவியால் வரைவது. நோடு எனப்படும் இரு முனைகள், ஒவ்வொரு முனையிலும் வளைவை இழுத்துப் பிடிக்கும் ஒரு கைப்பிடி; இந்த நான்கு புள்ளிகளும் சேர்ந்து ஒரு கோட்டுத் துண்டைத் தீர்மானிக்கின்றன. எந்த இடத்தில் நோடு வைத்தால் வளைவு அழகாக விழும், எத்தனை நோடுகள் போதும் என்று உங்கள் கை ஒருமுறை கற்றுக்கொண்டால், மென்பொருள் மாறும்போது மெனுவும் குறுக்குவிசையும்தான் மாறும். அதற்கு இரண்டு வாரம் போதும். வளைவைக் கற்றுக்கொள்ளத்தான் ஆறு மாதம் ஆகும்.

கேள்வி: புகைப்படங்களைத் திருத்தும் மென்பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். அதிலேயே சின்னம் வரைந்தால் என்ன குறை? புதிதாக ஒன்றை ஏன் கற்க வேண்டும்?

பதில்: புகைப்பட மென்பொருள் படத்தைச் சிறு சிறு பிக்சல் கட்டங்களாக வைத்திருக்கிறது. ஆயிரம் பிக்சல் அகலத்தில் நீங்கள் வரைந்த சின்னத்தை ஒரு கட்டடத்தின் முகப்புப் பலகைக்குப் பெரிதாக்கும்போது கணினியிடம் புதிய விவரம் எதுவும் இல்லாததால் விளிம்புகள் மங்கிப் படிக்கட்டாகத் தெரியும். வெக்டர் கோப்பு, கோடு எங்கே தொடங்கி எப்படி வளைந்து எங்கே முடிகிறது என்ற விவரத்தையே வைத்திருப்பதால் எந்த அளவிலும் புதிதாக வரையப்படுகிறது. மேலும் வெட்டும் இயந்திரம், பூத்தையல் மென்பொருள், எழுத்துரு உருவாக்கும் மென்பொருள் ஆகியவற்றுக்குப் பின்பற்ற ஒரு கோடு வேண்டும். பிக்சல் படத்தில் அந்தக் கோடே இல்லை. புகைப்பட மென்பொருள்கள் சிலவற்றில் வெக்டர் வடிவங்களை வரையும் கருவிகள் உண்டு. ஆனால் ஒரு சின்னத்தை ஒழுங்காக முடித்துப் பிறர் கையில் கொடுக்க அவை போதுமானவை அல்ல.

கேள்வி: இங்க்ஸ்கேப்பில் வரைந்த ஒரு விழா மலரின் அட்டையை அச்சுக்கு அனுப்பினேன். திரையில் பளிச்சென்று இருந்த நீலமும் பச்சையும் அச்சில் மங்கிவிட்டன. சிறிய கறுப்பு எழுத்துகளின் ஓரத்தில் வண்ணக் கசிவு தெரிகிறது. இது மென்பொருளின் குறையா, அச்சகத்தின் குறையா?

பதில்: உங்களுக்கு நேர்ந்தவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள், இரண்டுக்கும் வேர் ஒன்று.

திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கூட்டி வண்ணம் காட்டுகிறது, இதை ஆர்.ஜி.பி. என்கிறோம். அச்சு இயந்திரம் சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளைத் தாளின்மேல் இட்டு, தாளிலிருந்து திரும்பும் ஒளியைக் குறைத்து வண்ணம் காட்டுகிறது, இது சி.எம்.ஒய்.கே. ஒளியால் காட்டக்கூடிய பளிச்சென்ற நீலம், பச்சை வகைகள் பலவற்றை இந்த நான்கு மைகளால் எட்டவே முடியாது. எந்த மென்பொருளில் வரைந்திருந்தாலும் அந்த நீலம் தாளில் மங்கியே இருந்திருக்கும். இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா, அஃபினிட்டி ஆகியவற்றில் வரையும்போதே சி.எம்.ஒய்.கே. முறையில் வரையலாம் என்பதால் இந்த ஏமாற்றத்தைத் திரையிலேயே ஓரளவு முன்கூட்டிப் பார்த்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது பிரச்சினையில் மென்பொருளுக்குப் பங்கு உண்டு. எஸ்.வி.ஜி. வடிவம் திரைக்காகப் பிறந்தது. அதன் வண்ணங்கள் ஆர்.ஜி.பி. கணக்கில் எழுதப்படுகின்றன. இங்க்ஸ்கேப் வெளியிடும் பி.டி.எஃப்-உம் அப்படியே இருப்பதால், அச்சகத்தில் அதை நான்கு மைகளாகப் பிரிக்கும்போது உங்கள் ஆர்.ஜி.பி. கறுப்பு, கறுப்பு மை ஒன்றாக மட்டும் மாறாமல் நான்கு மைகளின் கலவையாக மாறிவிடுகிறது. நான்கு தகடுகளும் மயிரிழை அளவுகூட விலகாமல் பொருந்தினால்தான் அந்தக் கறுப்பு சுத்தமாக விழும். பெரிய தலைப்பில் அந்த விலகல் கண்ணுக்குத் தெரியாது. பொடி எழுத்தில் உடனே கசிவாகத் தெரிகிறது. கறுப்பு எழுத்துகள் கறுப்பு மையில் மட்டும் நூறு விழுக்காடு இருக்க வேண்டும் என்பது அச்சு வேலையின் பாலபாடம். ஆனால் புதியவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இங்க்ஸ்கேப்பை விட்டுவிட வேண்டிய அவசியமில்லை. ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் உங்கள் எஸ்.வி.ஜி. கோப்பை இறக்குமதி செய்தால், படத்திலுள்ள வண்ணங்கள் எல்லாம் அதன் வண்ணப் பட்டியலில் தனித்தனியாக வந்து நிற்கும். ஒவ்வொன்றையும் சி.எம்.ஒய்.கே. ஆக மாற்றி, கறுப்பைக் கறுப்பு மை மட்டும் நூறு என்று திருத்தி, பி.டி.எஃப்./எக்ஸ்-3 போன்ற அச்சுத் தரத்தில் வெளியிடலாம். இங்க்ஸ்கேப்பில் போட்ட மங்கலாக்கல் விளைவுகள் ஸ்கிரைபஸுக்குச் சரியாக வருவதில்லை. அவற்றை மட்டும் போதுமான அடர்த்தியில் பிக்சல் படமாக மாற்றி வைக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு அட்டை செய்பவருக்கு இந்தச் சுற்றுவழி போதும். நாள்தோறும் அச்சு வேலை செய்பவருக்கு இது நேரத்தைத் தின்றுவிடும்; அவர் சி.எம்.ஒய்.கே. உள்ள மென்பொருளுக்குப் போவதே சரி. எப்படியானாலும், வேலையைத் தொடங்கும் முன்பே எந்த வண்ணக் கோப்பு வேண்டும், வெட்டு விளிம்புக்கு வெளியே எத்தனை மில்லிமீட்டர் படத்தை நீட்ட வேண்டும் என்று அச்சகத்திடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழில் தட்டச்சு செய்தால் எழுத்துகள் உடைந்து போகின்றன. ‘கொ’ என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. எழுத்துருவை மாற்றினாலும் சரியாகவில்லை. தமிழுக்கு ஏற்ற வெக்டர் மென்பொருள் எது?

பதில்: தமிழில் வடிவமைக்கும் எல்லாருக்கும் பயன்படக்கூடிய கேள்வி இது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

யூனிகோடு முறையில் ‘கொ’ என்பது ககரமும் அதைத் தொடரும் ஒகர உயிர்க்குறியும் ஆகும். ஒலிக்கும் வரிசையில்தான் கணினி அதைச் சேமிக்கிறது. ஆனால் தாளில் எழுதும்போது ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் அதற்குப் பின்னும் நிற்க வேண்டும். சேமித்த வரிசையை எழுதும் வரிசையாக மாற்றுவதும், ககரத்தோடு உகரம் சேரும்போது ‘கு’ என்ற தனி வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதும், க், ஷ இரண்டையும் ‘க்ஷ’ ஆக்குவதும் ஒரு தனி வேலை. எழுத்துருவுக்குள் அதற்கான விதிகள் இருந்தாலும், அவற்றைப் படித்து நிறைவேற்றும் பகுதி மென்பொருளுக்குள் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் எத்தனை எழுத்துருவை மாற்றினாலும் பயனில்லை.

இங்க்ஸ்கேப் இந்த வேலைக்குப் பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற நிரலகங்களைப் பயன்படுத்துகிறது. இதே ஹார்ஃப்பஸ்தான் ஃபயர்ஃபாக்ஸ், குரோம் உலாவிகளிலும் லிப்ரேஆபிஸிலும் எழுத்துகளைக் கோக்கிறது; ஆகவே உலாவியில் சரியாகத் தெரியும் தமிழ் இங்க்ஸ்கேப்பிலும் சரியாகவே தெரியும். இல்லஸ்ட்ரேட்டரில் இந்த வசதி இருக்கிறது, ஆனால் அது மறைந்திருக்கிறது. விருப்பத்தேர்வுகளில் எழுத்துப் பகுதிக்குச் சென்று இந்திய மொழி வசதிகளைக் காட்டும் தேர்வை இயக்கி, பிறகு பத்திப் பலகத்தின் மெனுவில் மத்தியக் கிழக்கு மற்றும் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை அறியாமல் இல்லஸ்ட்ரேட்டரில் தமிழே வராது என்று முடிவுகட்டியவர்கள் பலர். மற்ற மென்பொருள்களை வாங்கும் முன் சோதனைப் பதிப்பில் நீங்களே ஒருமுறை தட்டச்சு செய்து பார்த்துவிடுங்கள். ‘கெ, கே, கை, கொ, கோ, கௌ, கு, சூ, டு, பூ, ணு, க்ஷ, ஸ்ரீ’ என்ற ஒரு வரி போதும். இது பிழையில்லாமல் வந்தால் மற்றவையும் வரும்.

இந்தச் சிக்கலைத் தவிர்க்கப் பலர் பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருக்களுக்குப் போய்விடுகிறார்கள். ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்தவை அவை. கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிப்பதால் எந்த மென்பொருளிலும் உடையாமல் நிற்கும். நல்ல எழுத்தழகு உள்ள பழைய எழுத்துருக்கள் அவற்றில் இருக்கின்றன என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் உங்கள் தமிழ் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும், பி.டி.எஃப்-இல் ஒரு சொல்லைத் தேடவோ நகலெடுக்கவோ முடியாது. தலைப்பு ஒன்றை வரைவதற்கு அவற்றைப் பயன்படுத்துங்கள். பத்திகளை அவற்றில் வைக்காதீர்கள்.

கோப்பை வெளியே அனுப்பும்போது எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிவிடுவது பாதுகாப்பு. இதைத்தான் அச்சகங்களில் ‘கர்வ் செய்து அனுப்புங்கள்’ என்கிறார்கள். அதன்பிறகு எழுத்துரு இல்லாத கணினியிலும் வடிவம் மாறாது. ஆனால் கர்வ் செய்த எழுத்தில் பிழை திருத்த முடியாது. ஒற்றெழுத்து ஒன்று விடுபட்டிருந்தால் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டியதுதான். எனவே எழுத்தாகவே இருக்கும் கோப்பைத் தனியாகச் சேமித்து வைத்துவிட்டு, அதன் நகலில் மட்டும் கர்வ் செய்யுங்கள்.

கேள்வி: பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த படங்கள் சந்தா மென்பொருளில் உள்ளன. சந்தாவை நிறுத்தினால் அவற்றைத் திறக்க முடியாதே என்ற கவலையில் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்து வருகிறேன். இதிலிருந்து வெளியே வர வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் சந்தா நடப்பில் இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.

உங்கள் கவலை நியாயமானது என்பதற்கு இத்துறையின் வரலாறே சான்று. ஃப்ரீஹேண்ட் என்ற மென்பொருள் 1988-இல் வந்தது. ஆல்ட்சிஸ் நிறுவனம் உருவாக்கியதை ஆல்டஸ் நிறுவனம் விற்றது. 1994-இல் அடோபி ஆல்டஸை வாங்கியபோது, போட்டி மென்பொருள்கள் இரண்டும் ஒரே கையில் சேரக்கூடாது என்று அமெரிக்க வணிகக் கண்காணிப்பு ஆணையம் தலையிட்டதால், ஃப்ரீஹேண்ட் ஆல்ட்சிஸிடமே திரும்பி, பிறகு மேக்ரோமீடியாவுக்குப் போனது. 2005-இல் அடோபி மேக்ரோமீடியாவையும் வாங்கியது. 2007-இல் ஃப்ரீஹேண்டை இனி வளர்ப்பதில்லை என்று அறிவித்துவிட்டது. அதை விரும்பி, அதிலேயே வாழ்நாள் உழைப்பைச் சேர்த்து வைத்திருந்த வரைகலைஞர்கள் புதிய கணினி வாங்கும்போதெல்லாம் பழைய கணினியையும் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டியதாயிற்று. நானும், வேறொரு நிறுவனம் நிறுத்திவிட்ட ஒரு மென்பொருளில் வரைந்த நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை இழந்திருக்கிறேன். கோப்புகள் இன்றும் என்னிடம் இருக்கின்றன; திறப்பதற்குத்தான் எதுவும் இல்லை.

அடோபி தன் மென்பொருள்களைச் சந்தா முறைக்கு மாற்றுவதாக 2013-இல் அறிவித்தது. நிரந்தர உரிமத்தோடு விற்கப்பட்ட அதன் கடைசித் தொகுப்பு சி.எஸ்.6. கோரல் நீண்ட காலமாகச் சந்தா, ஒருமுறை விலை ஆகிய இரண்டு வழிகளையும் வைத்திருந்தது. எந்த வழியில் வாங்கினாலும் சரி, இல்லஸ்ட்ரேட்டரின் ஏ.ஐ. கோப்பு, கோரல்டிராவின் சி.டி.ஆர். கோப்பு, அஃபினிட்டியின் கோப்பு ஆகியவை அந்தந்த நிறுவனத்தின் உள் வடிவங்கள். எஸ்.வி.ஜி. அப்படியன்று. 2001-இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெளியிட்ட பொதுத் தரம் அது. கோப்பை ஒரு சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்தால் கோடுகளின் எண்களையே கண்ணால் படிக்கலாம். பி.டி.எஃப்-உம் 2008 முதல் ஐ.எஸ்.ஓ. என்ற பன்னாட்டு அமைப்பின் தரமாக இருக்கிறது. இந்த இரண்டையும் இன்னும் பல ஆண்டுகள் கழித்தும் படிக்க ஏதேனும் ஒரு மென்பொருள் இருக்கும் என்று நம்பலாம்.

ஆகவே சந்தா முடிவதற்குள் ஒவ்வொரு படத்துக்கும் மூன்று நகல்கள் எடுங்கள்: எழுத்தைக் கர்வ் செய்யாமல் ஒரு எஸ்.வி.ஜி., கர்வ் செய்து ஒரு பி.டி.எஃப்., பார்த்தவுடன் அடையாளம் காணப் பெரிய அளவில் ஒரு பி.என்.ஜி. பிக்சல் படம். ஏ.ஐ. கோப்பைச் சேமிக்கும்போது பி.டி.எஃப். இணக்கத் தேர்வு இயங்கியிருந்தால், அந்தப் பகுதியைக் கொண்டு இங்க்ஸ்கேப்பும் அஃபினிட்டியும் அதைத் திறந்துவிடும். சி.டி.ஆர். கோப்புகளை லிப்ரேஆபிஸ் டிராவும் இங்க்ஸ்கேப்பும் ஓரளவு படிக்கின்றன. எழுத்துகளும் சிக்கலான நிரப்பு வண்ணங்களும் இடம் மாறக்கூடும் என்பதால் ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லேயர் பெயர்கள், பின்னால் திருத்தக்கூடிய விளைவுகள், குறியீட்டுத் தொகுப்புகள் ஆகியவற்றில் சில, மாற்றத்தின்போது அழியும். அதற்காக வருந்திக் காத்திருப்பதைவிட, வடிவமாவது நம் கையில் இருக்கட்டும் என்று இன்றே தொடங்குவது மேல். நூறு படங்கள் இருந்தால் அடிக்கடி கேட்கப்படும் இருபதை முதலில் மாற்றுங்கள்.

கேள்வி: இல்லஸ்ட்ரேட்டரில் 100 மில்லிமீட்டர் அகலத்தில் வரைந்த ஒரு பெட்டி வடிவத்தை எஸ்.வி.ஜி. ஆக்கி, லேசர் வெட்டும் நண்பரிடம் கொடுத்தேன். அவருடைய இங்க்ஸ்கேப்பில் அது 75 மில்லிமீட்டராகத் திறந்து, அப்படியே வெட்டப்பட்டுவிட்டது. எந்த மென்பொருள் தவறு செய்தது?

பதில்: இரண்டும் தத்தம் கணக்கில் சரியாகவே செய்தன. நீங்கள் அனுப்பிய எஸ்.வி.ஜி-இல் அளவு மில்லிமீட்டரில் எழுதப்படாமல் வெறும் பிக்சல் அலகில் எழுதப்பட்டிருக்கிறது. இல்லஸ்ட்ரேட்டர் ஓர் அங்குலத்தை 72 அலகாகக் கணக்கிடுகிறது. இணையத் தரத்தையொட்டி இங்க்ஸ்கேப் 96 அலகாகக் கணக்கிடுகிறது. 72-ஐ 96-ஆல் வகுத்தால் 0.75, உங்கள் பெட்டி முக்கால் பங்காகச் சுருங்கியது இதனால்தான். இங்க்ஸ்கேப்பே 2017-இல் வெளியான 0.92 பதிப்புக்கு முன்புவரை 90 அலகு என்று கணக்கிட்டதால், பழைய இங்க்ஸ்கேப் கோப்புகளிலும் இப்படி ஒரு சிறு வேறுபாடு வருவதுண்டு.

படத்தின் ஓரத்தில் 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டை வரைந்து அனுப்புங்கள். பெறுபவர் முதலில் அதை அளந்து பார்த்து, மாறியிருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து 133.33 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிவிட்டு வெட்டலாம். வெட்டும் வேலைக்கு இன்னும் இரண்டு பழக்கங்கள் தேவை. தடிமனான கோடாக வரைந்ததை வடிவமாக மாற்றுங்கள். இல்லையேல் இயந்திரம் கோட்டின் நடுவில் ஒரே ஒரு முறை வெட்டிவிட்டுப் போகும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் வடிவங்களை ஒன்றாக இணைத்துவிடுங்கள். தமிழ் எழுத்துகளில் கொம்பும் காலும் அடுத்த எழுத்தைத் தொடும் இடங்களில் இதை மறந்தால் எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழும். பொறிகளின் உறுப்புகளைத் துல்லியமான அளவுகளோடு வரைவதே உங்கள் முழுநேர வேலை என்றால் வெக்டர் வரைகலை மென்பொருள் உங்களுக்குரியதன்று. லிப்ரேகேட் போன்ற, பொறியியல் வரைபடங்களுக்கான கேட் (CAD) மென்பொருளுக்குச் செல்லுங்கள்.

கேள்வி: கையால் வரைந்த படத்தைத் தானாகவே வெக்டராக மாற்றும் வசதி எதில் சிறப்பாக இருக்கிறது? அதை வைத்தே மென்பொருளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: அதை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இல்லஸ்ட்ரேட்டரில் இமேஜ் டிரேஸ், கோரல்டிராவில் பவர்டிரேஸ், இங்க்ஸ்கேப்பில் பொட்ரேஸ் என்ற கட்டற்ற நிரலைக் கொண்டு இயங்கும் டிரேஸ் பிட்மேப் என்று எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கிறது. கறுப்பு மையில் தெளிவாக வரைந்து, நல்ல அடர்த்தியில் ஸ்கேன் செய்த படத்துக்கு மூன்றுமே நல்ல பலன் தரும். தூரிகை எழுத்து, மரச்செதுக்குப் படம், கையெழுத்து போன்றவற்றின் இயல்பான கரடுமுரடைக் காக்க வேண்டிய இடத்தில் நானும் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

சின்னத்துக்கு இது சரிவராது. ஒரு வட்டத்தை மென்பொருள் நான்கு நோடுகளில் வரைகிறது. அந்த நான்கே உண்மையான வட்டத்திலிருந்து ஆரத்தில் 0.03 விழுக்காட்டுக்கும் குறைவாகவே விலகுகின்றன. அதே வட்டத்தை ஸ்கேன் செய்து தானாக மாற்றினால் முப்பது நோடுகள் வரலாம். ஒவ்வொன்றும் ஒரு சிறு நெளிவு. சிறிய அளவில் அந்த நெளிவு தெரியாது. பலகை அளவுக்குப் பெரிதாக்கும்போது வட்டம் தட்டையாகவும் நேர்கோடு தளர்ந்தும் கூர்முனை மழுங்கியும் தெரியும். அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய ஆகும் நேரத்தில் புதிதாக இரண்டு முறை வரைந்துவிடலாம். ஸ்கேன் செய்த படத்தை ஒரு லேயரில் வைத்துப் பூட்டி, அதன் வெளிர்மையைக் கூட்டி, மேலே புதிய லேயரில் பென் டூலால் வரையுங்கள். வளைவின் மேல் உச்சி, கீழ் உச்சி, இடக்கோடி, வலக்கோடி ஆகிய இடங்களில் மட்டும் நோடு வைத்து, கைப்பிடிகளைக் கிடையாகவோ செங்குத்தாகவோ இழுங்கள். எழுத்துரு வடிவமைப்பாளர்கள் கடைப்பிடிக்கும் முறை இதுதான். முதல் சின்னத்துக்கு ஒரு முழு நாள் ஆகலாம். பத்தாவதுக்கு ஒரு மணி நேரம் போதும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை வேண்டுமானால், ‘ஐ’ என்ற எழுத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதி, நீங்கள் யோசிக்கும் இரண்டு மூன்று மென்பொருள்களிலும் அதை இப்படி வரைந்து பாருங்கள். நோடுகளைப் பிடிப்பதும் நகர்த்துவதும் கைப்பிடியை உடைத்துத் திருப்புவதும் எதில் உங்கள் கைக்குத் தடையில்லாமல் வருகிறதோ, அதில் தொடங்குங்கள்.